ரோம் பாந்தியன்: 1,900 வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற கட்டடம்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கட்டடம்தான். ரோம் நகரத்தில் இருக்கிற பாந்தியன்.

முதல்ல அதோட நெற்றியில் இருந்து ஆரம்பிக்கலாம். முன் மண்டபத்துக்கு மேலே பெரிய பெரிய லத்தீன் எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாவது முறை கான்சலாக இருந்தபோது இதைக் கட்டினார் என்று அர்த்தம். கான்சல் என்பது ரோமில் வருஷத்துக்கு இரண்டு பேர் வகிக்கிற பெரிய பதவி. ஆக யார் கட்டினது, எப்போ கட்டினது, எல்லாம் போர்டுலயே இருக்கு. சந்தேகமே வராது.

ஆனா இப்போ அங்கே நிற்கிற கட்டடத்தை அக்ரிப்பா கட்டவில்லை.

அவர் கட்டியது கி.மு. 27-ஐ ஒட்டி. அது கி.பி. 80-இல் ரோமில் பிடித்த பெரிய தீயில் எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள். 110-இல் மின்னல் விழுந்து அதுவும் எரிந்தது. இப்போ நாம பார்க்கிறது மூன்றாவது வெர்ஷன். டிராஜன் பேரரசர் காலத்தின் கடைசியில் ஆரம்பித்து, அடுத்து வந்த ஹாட்ரியன் காலத்தில், 125 வாக்கில் முடிந்த வேலை.

இது எப்படித் தெரியும்? செங்கல் சொன்னது. அந்தக் காலத்து ரோமில் செங்கல் சூளைக்காரர்கள் செங்கலில் முத்திரை குத்துவார்கள். சில முத்திரைகளில் அந்த வருஷத்துக் கான்சல்களின் பெயரும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவருக்குள் இருந்த செங்கற்களை ஆராய்ந்தபோது எல்லாம் அக்ரிப்பா செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆன பிறகு சுட்ட செங்கல்! நம்ம பாஷையில் சொன்னா, மேலே இருக்கிற கமென்ட் ஒண்ணு சொல்லுது, உள்ளே இருக்கிற டைம்ஸ்டாம்ப் வேற சொல்லுது. இந்த மாதிரி நேரத்தில் எதை நம்பணும்னு கோட் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும்.

ஹாட்ரியன் தான் முடித்த கட்டடத்தில் தன் பெயரைப் போடவில்லை. பழைய ஆள் பெயரையே திரும்ப வெட்டி வைத்தார். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில் இதுக்கு வருவேன்.

கோயிலுக்குப் போறோமா, கோயிலுக்குப் போறோமா?

நான் போனது ஒரு அக்டோபர் வார இறுதியில். கூட வந்தவன் என் காலேஜ் நண்பன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ், அவன் சிவில். தூத்துக்குடிக்காரன். வீட்டில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத ஆட்கள். அதனால் ரோம் என்பது எனக்கு ஒரு டூர், அவனுக்கு ஒரு யாத்திரை.

ஹோட்டலில் இருந்து கிளம்பும்போது "மச்சி, முதல்ல கோயிலுக்குப் போயிருவோம்"னு சொன்னான். அவங்க வீட்டுப் பேச்சில் கோயில்னா சர்ச். என் வீட்டுப் பேச்சில் கோயில்னா வேற. யோசிச்சுப் பாருங்க, பாந்தியன் விஷயத்தில் ரெண்டு பேர் சொல்றதும் சரி. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டு வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் தமிழுக்கு ஒண்ணே போதும். 609 வரைக்கும் கோயில். 609-க்கு அப்புறமும் கோயில்.

சந்து சந்தா நடந்து ஒரு சின்ன சதுக்கத்துக்குள் நுழைந்ததும் அது திடீர்னு எதிரில் நிற்கும். பியாட்சா டெல்லா ரொட்டோண்டா. நடுவில் ஒரு நீரூற்று, அதுக்கு மேலே எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒபெலிஸ்க். சுத்தி காபிக் கடைகள். 2023 ஜூலையில் இருந்து உள்ளே போக டிக்கெட் வெச்சிருக்காங்க. நாங்க போனப்ப 5 யூரோ. அதுக்கு முன்னாடி வரைக்கும் இலவசம்.

வரிசையில் நிற்கும்போது தூண்களைப் பாருங்க. முன் மண்டபத்தில் மொத்தம் 16 தூண். ஒவ்வொண்ணும் ஒரே கல். கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம், அதாவது நம்ம ஊர் மூணு மாடி வீட்டுக்கு மேல. எடை ஏறக்குறைய 60 டன். எல்லாம் எகிப்து கிரானைட். முன் வரிசையில் இருக்கிற சாம்பல் நிறக் கல் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் இருந்த ஒரு குவாரியில் வெட்டினது. அங்கிருந்து பாலைவனத்தைத் தாண்டி நைல் நதி, படகில் கடல், கப்பலில் இத்தாலி, அப்புறம் டைபர் நதி வழியா ரோம்.

இதுல சுவாரசியமான ஒரு கருத்து இருக்கு. மண்டபத்தின் முக்கோண முகப்புக்குப் பின்னால், மெயின் கட்டடத்தின் சுவரில், இன்னும் உயரத்தில் இன்னொரு முக்கோண முகப்பின் கோடு தெரியும். ஒரே கட்டடத்தில் ரெண்டு நெற்றி எதுக்கு? முதலில் 50 ரோமானிய அடித் தூணுக்குத்தான் வரைபடம் போட்டிருப்பார்கள், கிடைத்தது 40 அடித் தூண், அதனால் மண்டபத்தைத் தாழ்த்திக் கட்டி முடித்திருப்பார்கள் என்று சில கட்டடக்கலை ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். என் நண்பன் இதைக் கேட்டதும் சிரிச்சான். "சைட்ல தினமும் நடக்கிறதுதான்டா. மெட்டீரியல் வர்றது ஒண்ணு, டிராயிங் ஒண்ணு. டெலிவரி தேதி மட்டும் மாறாது."

கம்பி இல்லாத கான்கிரீட்

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் செய்றது ஒண்ணுதான். தலையைத் தூக்குவாங்க.

மேலே அரைக்கோளமா ஒரு குவிமாடம். உள் விட்டம் 43.3 மீட்டர். தரையிலிருந்து உச்சி வரைக்கும் உயரமும் அதே 43.3 மீட்டர். அதாவது இந்த அறைக்குள் ஒரு ராட்சதப் பந்தை வைத்தால் தரையையும் தொடும், கூரையையும் தொடும். உச்சியில் 8 மீட்டருக்கும் மேல் அகலமான ஒரு வட்டத் திறப்பு. அதுக்கு ஓக்குலஸ்னு பேர், கண்ணுன்னு அர்த்தம். கண்ணாடி கிடையாது, மூடி கிடையாது. திறந்த வானம்.

கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்னைக்கும் உலகத்திலேயே பெரியது இதுதான். மறுபடியும் சொல்றேன், இன்னைக்கும்.

எப்படி நிக்குது? இங்கே மைக்கை நண்பன்கிட்ட கொடுத்திருக்கணும். அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்றேன்.

முதல் விஷயம், எடை. கீழே இருந்து மேலே போகப் போக ஜல்லியை மாற்றிக்கிட்டே போயிருக்காங்க. அஸ்திவாரத்தில் கனமான டிராவர்டைன் கல். சுவரில் எரிமலைக் கல்லும் செங்கல் துண்டும். உச்சிக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசான நுரைக்கல். தடிமனும் அப்படித்தான். குவிமாடத்தின் அடியில் 6 மீட்டர் வாக்கில், ஓக்குலஸ் பக்கத்தில் 1.2 மீட்டர். உள்ளே தெரிகிற சதுரக் குழிகள் அழகுக்கு மட்டும் இல்லை, கொஞ்சம் எடையும் குறையும். வரிசைக்கு 28, அஞ்சு வரிசை, மொத்தம் 140. உச்சியில் ஓட்டை இருப்பதாலும் அந்த இடத்தின் எடை இல்லாமல் போகிறது.

ரெண்டாவது, விரிசல். "இந்த டோம்ல விரிசல் இருக்கு தெரியுமா?"ன்னு அவன் கேட்டப்ப நான் ரெண்டடி நகர்ந்து நின்னேன். குவிமாடம் குடை மாதிரி. மேலிருந்து அழுத்தினால் கீழ் விளிம்பு வெளியே விரியப் பார்க்கும். கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. அதனால் கீழ்ப்பகுதியில் நெடுக்காக விரிசல் விட்டிருக்கிறது. ஆனா விரிசல் விட்ட பிறகு அந்தப் பகுதி ஒண்ணுக்கொண்ணு சாய்ந்து நிற்கிற வளைவுகள் மாதிரி வேலை செய்கிறது. அந்த வளைவுகளை வெளியே தள்ளவிடாமல் தடிமனான சுவரும், வெளிப்பக்கம் படிப்படியா ஏற்றியிருக்கிற கான்கிரீட் வளையங்களும் பிடிச்சு வெச்சிருக்கு.

மூணாவது, கம்பியே இல்லாதது. நாம இன்னைக்குக் கட்டுகிற கட்டடங்களில் பலம் கம்பியில்தான் இருக்கு, வியாதியும் கம்பியில்தான் இருக்கு. தண்ணி உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பாந்தியனில் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

கலவையிலும் ஒரு சங்கதி. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்திருப்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். 2023 ஜனவரியில் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் அவங்களோட சேர்ந்தவங்களும் பழைய ரோமானியக் கான்கிரீட்டை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பாந்தியன் இல்லை, ரோமுக்குத் தெற்கே இருக்கிற பிரிவெர்னும் என்ற ஊரின் பழைய மதில் சுவர். அந்தக் கலவையில் வெள்ளை வெள்ளையா இருக்கிற சுண்ணாம்புக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் அடையாளம்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தாங்க. இவங்க சொன்னது வேற: சுட்ட சுண்ணாம்பைச் சூடு பறக்க அப்படியே கலந்ததால் வந்த கட்டிகள் அவை. விரிசல் விட்டுத் தண்ணி உள்ளே போனால் அந்தக் கட்டி கரைந்து, திரும்ப இறுகி, விரிசலை அடைக்கும். பக்னு நினைச்சது ஃபீச்சரா இருந்திருக்கு.

அப்புறம் ஒரு புரளியையும் தீர்த்துடுவோம். ஓக்குலஸ் வழியா மழை உள்ளே விழாது, கீழேயிருந்து போகிற சூட்டுக் காற்று தடுத்துடும்னு சில கைடுகள் சொல்வாங்க. நாங்க போன சனிக்கிழமை மழை. நல்லா விழுந்துச்சு. நடுவில் கயிறு கட்டி யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கிட்டாங்க. தரை லேசா மேடாக இருக்கிறது, நடுவில் 22 சின்னத் துளைகள். தண்ணி அது வழியா வடிஞ்சு போயிடும். அவ்வளவுதான். பிரச்சினையை வராமல் தடுக்கவில்லை, வரும்னு தெரிஞ்சு வடிகால் வெச்சிருக்காங்க.

609: காப்பாத்தினாங்களா, பறிச்சாங்களா?

இப்போ எங்க ரெண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்த இடம்.

உள்ளே ஒரு பலகையைப் படிச்சிட்டு நான் சொன்னேன், "ஆக, வேற சாமி கோயிலை எடுத்து மாதா கோயிலா மாத்திட்டாங்க." நண்பன் முகம் மாறிடுச்சு. "எடுத்துக்கலடா. அவங்க மட்டும் அன்னைக்கு வரலன்னா நீ இப்போ அண்ணாந்து பார்க்க கூரையே இருந்திருக்காது."

சதுக்கத்துக்கு எதிரே காபி குடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினோம். கொஞ்சம் காரமாகவே. அப்புறம் ரூமுக்குப் போய் ரெண்டு பேரும் தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தோம். அந்தப் பட்டியலை உங்களுக்கும் சொல்றேன்.

382: கிரேஷியன் என்ற பேரரசர், பழைய ரோமானியத் தெய்வங்களின் வழிபாட்டுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை நிறுத்தினார்.

391: தியோடோசியஸ் பேரரசர் சட்டம் போட்டார். பலி கொடுக்கக் கூடாது, கோயிலுக்குள் வழிபடப் போகக் கூடாது.

458: மஜோரியன் பேரரசர் இன்னொரு சட்டம். ரோமில் பழைய பொதுக் கட்டடங்களை இடிச்சுக் கல் எடுக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதுன்னா ஊரில் என்ன நடந்துக்கிட்டிருந்திருக்கும்னு யோசிங்க.

537: கோத் படைகள் ரோமை முற்றுகையிட்டு, நகரத்துக்குத் தண்ணி கொண்டுவந்த கால்வாய்ப் பாலங்களை வெட்டிவிட்டார்கள். பல லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் ஜனம் சில பத்தாயிரமாகச் சுருங்கியது.

609: போப் நான்காம் போனிஃபேஸ், கான்ஸ்டான்டினோபிளில் இருந்த ஃபோகாஸ் பேரரசரிடம் பாந்தியனைக் கேட்டு வாங்கினார். ஏன் கேட்கணும்? பொதுக் கட்டடம் பேரரசர் சொத்து. அனுமதி கிடைத்ததும் மே 13 அன்று புனித மரியாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். மறைசாட்சி என்பது விசுவாசத்துக்காக உயிரை விட்டவர்களுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சொல்கிற வார்த்தை. நண்பன்தான் சொல்லிக்கொடுத்தான். பூமிக்கடியில் இருந்த கல்லறைகளில் இருந்து மறைசாட்சிகளின் எலும்புகளை 28 வண்டிகளில் கொண்டுவந்தார்கள் என்று மரபாகச் சொல்கிறார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எங்க சண்டை வேற மாதிரி ஆயிடுச்சு. பறித்தது நடந்தது, ஆனா அது 391-இல். மனுஷங்க தங்கள் சாமியைக் கும்பிடுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினாங்க. அது பலாத்காரம்தான், அதை நண்பனும் ஒத்துக்கிட்டான். காப்பாத்தினதும் நடந்தது, ஆனா அது 609-இல். இருநூறு வருஷத்துக்கு மேல வழிபாடு இல்லாமல் கிடந்த ஒரு கட்டடத்துக்கு யாரோ பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. அதை நானும் ஒத்துக்கிட்டேன். ரெண்டையும் ஒரே வார்த்தைக்குள் அடைக்கப் பார்த்ததால்தான் சண்டை வந்தது. ஒரு வார்த்தை என் கைக்கு வசதி, இன்னொண்ணு அவன் கைக்கு வசதி.

இந்த மாதிரிக் கேள்வியை ஆன்லைனில் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் வார்த்தையைத்தான் தேர்ந்தெடுப்பாங்க, தேதியை யாரும் கேட்க மாட்டாங்க. அடுத்த தடவை இப்படி ஒரு சண்டை வந்தா முதல்ல தேதியை வரிசையா எழுதுங்க. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துடும்.

நண்பன் சொன்னது எவ்வளவு உண்மைன்னு மறுநாள் ரோமன் ஃபோரத்தில் நடக்கும்போது தெரிந்தது. அங்கே பல கோயில்களில் மிச்சம் மூணு தூண், நாலு தூண். கல்லை வேற கட்டடத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. பளிங்குச் சிலைகளைக்கூடச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கியிருக்காங்க. அங்கேயும் ஓரளவு முழுசா நிற்கிற கோயில் ஒண்ணு, அன்டோனைனஸ், ஃபாஸ்டினா கோயில். அது ஏன் நிக்குது? உள்ளே ஒரு சர்ச் கட்டிட்டாங்க.

சர்ச் ஆனதும் பாதுகாப்பு வந்ததா?

இங்கேதான் என் பக்கமும் ஒரு பாயிண்ட் இருக்கு. சர்ச் ஆனதால் நின்றது உண்மை. சர்ச் ஆனதால் யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மை இல்லை.

663-இல் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் என்ற பேரரசர் ரோமுக்கு வந்தார். கிறிஸ்தவப் பேரரசர். வந்தவர் சர்ச்சின் கூரையில் இருந்த முலாம் பூசிய வெண்கலத் தகடுகளைக் கழற்றிக்கிட்டுப் போயிட்டார். அதுக்குப் பிறகு எழுபது வருஷம் கழித்து, 735 வாக்கில், மூன்றாம் கிரெகோரி என்ற போப் ஈயத் தகடு போட்டு மூடினார்.

அடுத்தது 1620-கள். எட்டாம் அர்பன் போப், பார்பெரினி குடும்பத்துக்காரர். முன் மண்டபத்தின் கூரையைத் தாங்கிய பழைய வெண்கல உத்திரங்களைப் பிரித்து எடுத்து உருக்கினார். பெரும்பகுதி சான்ட் ஆஞ்சலோ கோட்டைக்குப் பீரங்கியாகப் போனது. காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள் என்கிற அர்த்தத்தில் ரோம் ஜனங்கள் லத்தீனில் எதுகை மோனையோட கிண்டல் எழுதினாங்க, நாலு நூற்றாண்டு ஆகியும் அந்த மீம் ஓடிக்கிட்டிருக்கு. இதுல ஒரு கொடுமை என்னன்னா, சான்ட் ஆஞ்சலோ கோட்டை ஆதியில் ஹாட்ரியனின் கல்லறை. ஹாட்ரியன் கட்டின கோயிலின் வெண்கலம், ஹாட்ரியன் சமாதிக்குக் காவல் பீரங்கி ஆச்சு.

அதே அர்பன் போப்தான் மண்டபத்தின் மூலையில் இல்லாமல் போயிருந்த தூணுக்குப் பதில் வேற தூண் வைத்தார். தலைப்பகுதியில் அவர் குடும்பச் சின்னமான தேனீ இருக்கும். போனா தேடிப் பாருங்க. அவர் காலத்தில் முகப்புக்கு மேலே ரெண்டு மணிக்கூண்டும் வந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கழுதைக் காதுன்னு கூப்பிட்டாங்க. 1883-இல்தான் கழற்றினாங்க.

ஆக, உரிமைக்காரன் கையில் இருந்தால் ஒழுகுகிற கூரைக்கு ஆள் வருவார். அதே ஆள் உத்திரத்தைப் பிடுங்கவும் செய்வார். ரெண்டுக்கும் ஒரே சாவிதான்.

இன்னைக்கு அந்தச் சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கு. கட்டடம் இத்தாலி அரசுடையது, வழிபாடு சர்ச்சுடையது. டிக்கெட் பணத்தில் 70 சதவீதம் கலாச்சார அமைச்சகத்துக்கு, 30 சதவீதம் ரோம் மறைமாவட்டத்துக்கு. உள்ளே ஓவியர் ரஃபேலின் கல்லறை இருக்கு. அவர் இறந்தது 1520-இல், 1833-இல் திறந்து பார்த்து எலும்புக்கூடு இருப்பதை உறுதிப்படுத்தினாங்க. இத்தாலி ஒரே நாடான பிறகு முதல் ராஜாவான இரண்டாம் விக்டர் இம்மானுவேலையும், அவர் மகன் முதலாம் உம்பெர்டோவையும் இங்கேதான் புதைச்சாங்க. உம்பெர்டோவின் மனைவி மார்கெரிட்டாவும் இங்கேதான். ஆமா, பீட்சா மார்கெரிட்டான்னு சொல்றோமே, அந்தப் பேருக்குச் சொந்தக்கார ராணி.

தெய்வங்களின் கோயில், மாதா கோயில், ராஜாக்களின் சமாதி, டூரிஸ்ட் ஸ்பாட். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதை இதுல இன்ஸ்டால் பண்ணியிருக்கு. கூரை மட்டும் அதே கூரை.

ஞாயிற்றுக்கிழமை பூசை

ஞாயிறு காலை நண்பன் பூசைக்குப் போகணும்னான். நானும் கூடப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பூசைக்கு வருகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த நேரத்தில் டூரிஸ்ட்டுகளை உள்ளே விடுவதும் கிடையாது.

முந்தின நாள் அதே இடத்தில் நூத்துக்கணக்கான போன்கள் மேலே தூக்கியிருந்தது. ஸ்பீக்கரில் அடிக்கடி அமைதி, அமைதின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இன்னைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில் வந்திருந்தது. ஓக்குலஸ் வழியா விழுந்த வெளிச்ச வட்டம் குழிக் கட்டங்கள் மேலே மெல்ல நகர்ந்தது. அக்டோபரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் அது மேலேயே நிற்கும். தரைக்கு இறங்கணும்னா கோடையில் போகணும். ரோம் நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற ஏப்ரல் 21-ஐ ஒட்டி, நடுப்பகலில் அந்த வட்டம் நேரா வாசலில் விழும்.

எனக்கு அந்த இத்தாலிய ஜெபம் ஒரு வரியும் புரியவில்லை. ஆனா ஒண்ணு தோணுச்சு. முந்தின நாள் நான் பார்த்தது ஒரு பழைய கட்டடத்தை. இன்னைக்குப் பார்த்தது வேலையில் இருக்கிற ஒரு கட்டடத்தை. முன்னால் ஒரு பாட்டி மணியைக்கூடப் பார்க்காமல், மேலேயும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு இது உலகத்திலேயே பெரிய கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடம் இல்லை. வாராவாரம் வருகிற கோயில்.

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான், "என்னடா, போரடிச்சுதா?" இல்லைன்னேன். "உன் சாமி இல்லையே"ன்னான். "கட்டினவன் சாமியும் இல்லையேடா, அந்த வகையில் நானும் ஹாட்ரியனும் ஒரே கட்சி"ன்னேன். அடிக்க வந்தான்.

சரி, நெற்றியில் இருக்கிற பெயருக்கு வருவோம். நான் ஆபீஸில் இருக்கிறது புதுசா எழுதுகிற டீமில் இல்லை. பல வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதின ஒரு சிஸ்டத்தைப் பராமரிக்கிற டீம். தினமும் லட்சக்கணக்கானவங்க அதைப் பயன்படுத்துறாங்க. அது நல்லா ஓடுகிற நாளில் எங்க பேர் யார் வாயிலும் வராது. நீங்களும் நிறைய பேர் அப்படி ஒரு வேலையில்தான் இருப்பீங்க. கேட்டா "சும்மா மெயின்டனன்ஸ்தான்"னு சொல்லிப்போம்.

பாந்தியனில் அக்ரிப்பா பேர் இருக்கு. ஹாட்ரியன் பேர் வரலாற்றில் இருக்கு. கூரையில் ஈயத் தகடு அடிச்ச ஆளு பேர் எங்கேயும் இல்லை. 22 துளையும் அடைச்சுக்காமல் இத்தனை நூற்றாண்டாகத் தூர் எடுத்த ஆளுங்க பேரும் இல்லை. ஆனா அந்த வேலை நடக்காமல் போன கட்டடங்கள் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா ஃபோரத்துக்குப் போனா போதும்.

போகிறவங்களுக்குச் சின்னச் சின்ன டிப்ஸ். டிக்கெட்டை அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் எடுங்க, சதுக்கத்தில் கூவி விற்கிறவர்களிடம் வேண்டாம். தோள், முழங்கால் மறைகிற மாதிரி உடுத்திக்கோங்க, இது இன்னும் கோயில். நடுப்பகலில் ஒரு தடவை போய் வெளிச்சத்தைப் பாருங்க. மழை பெய்தால் வருத்தப்படாதீங்க, அன்னைக்குத்தான் தரையைக் கவனிப்பீங்க. பெந்தெகொஸ்தே ஞாயிறு சமயத்தில் ரோமில் இருந்தீங்கன்னா, பூசை முடிவில் தீயணைப்பு வீரர்கள் ஓக்குலஸ் வழியாக ரோஜா இதழ்களைக் கொட்டுவாங்க. அதுக்குக் காலையில் சீக்கிரமே போய் வரிசையில் நிக்கணும்.

இந்த வாரம் உங்ககிட்ட ஒரு வேலை கேக்குறேன். நீங்க தினமும் பயன்படுத்துகிற ஏதோ ஒண்ணு, பஸ்ஸோ, ஆப்போ, அப்பார்ட்மென்ட் மோட்டாரோ, அதைப் பழுதாகாமல் பார்த்துக்கிற ஒரு ஆளோட பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. தெரிஞ்ச பேரை எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்தில் வாசிக்கிறேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.